அலசாத தரை

இரவு பத்தரை மணி. அந்தமானில் வண்டூர்ச் சாலை. கடைசிப் பேருந்து இறக்கிவிட்டுப் போன பிறகு தவளைச் சத்தம் மட்டும்... மழைச் சேற்றில் செருப்பு ஒட்டி ஒட்டி வர, ஒச்சம்மா நடந்து போகிறார். என் தோழி அகிலாவின் பெரியம்மா. பகலில் போர்ட் பிளேரில் ஒரு விடுதியில் பாத்திரம் தேய்ப்பார். இரவில் இங்கே ஒரு சின்னப் பிரசவ மருத்துவமனையில் தரை துடைப்பார். கூடத் தரை துடைத்தவள் மெயின்லேண்டுக்குப் போய்த் திரும்பவே இல்லை; அவள் வேலையும் இவர் தலையில்.

வார்டை முதலில் சோப்புத் தண்ணீரால் தேய்க்க வேண்டும். பிறகு நல்ல தண்ணீரில் அலச வேண்டும். கடைசியில்தான் பென்சால்கோனியம் கலந்த கிருமிநாசினி. சோப்பு மிச்சம் இருந்தால் அந்த மருந்து செத்துப்போகும். வாசனை வரும்... கிருமி சாகாது.

அன்று சோப்புப் போட்டதுமே இடுப்பு விட்டுப்போயிற்று. கதவோரச் சுவரில் சாய்ந்தார். கண் சொருகியது.

க்ரீச்... வாளியின் கைப்பிடி. சளப்... சளப்... ஈரத்துணி இழுபடும் சத்தம்.

விழித்தால் ஆள் இல்லை. தரை முழுக்க அலசியிருந்தது.

மறுநாளும் அப்படியே. அதற்கடுத்த நாளும்.

"ஏன் மௌசி, தூங்கிக்கிட்டே வேலை பாக்குறியா?" என்று பெங்காலி நர்ஸ் கேலி செய்தாளாம்.

சிரிக்காதீர்கள்... அத்தனை அசதியில் இருப்பவருக்கு, உதவுகிற கை யாருடையது என்று கேட்கத் தோன்றுமா?

ஒருநாள் ஒரே ஒரு கட்டிலைச் சுற்றி மட்டும் நுரை அப்படியே இருந்தது. விடிவதற்குள் அந்தக் கட்டில்காரி செத்துப்போனாள். இன்னொரு நாள், இன்னொரு கட்டில். அவளும்.

அந்த வாரமே பெரியம்மாவின் மகள் சங்கவிக்கு அங்கே குழந்தை பிறந்தது. அன்றிரவு தூங்கக் கூடாது என்று பெரியம்மா மிளகைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்தார். எப்படியோ தூங்கிவிட்டார்.

விழித்தபோது சங்கவியின் கட்டிலைச் சுற்றி நுரை.

வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றினார். நுரை பொங்கிப் பொங்கி வந்தது. கை ஓய்ந்துபோய், இருட்டைப் பார்த்து மெல்லச் சொன்னார்:

"நீ யாரா வேணா இரு தாயி... இந்தக் கட்டிலயும் அலசிவிட்டுரு. என்னால ஏலல."

க்ரீச்... சளப்... சளப்...

நுரை கரைந்து போனது.

சங்கவி விழித்துத்தான் படுத்திருந்தாள். அகிலாவிடம் சொன்னதே அவள்தான். பெரியம்மா மெல்லக் கதவோரம் திரும்பி வந்தாராம். அவர் உட்கார்ந்திருந்த இடத்தைச் சுற்றி வெள்ளையாக நுரை. அங்கே சோப்பே போட்டதில்லை.

கொஞ்ச நேரம் அதையே பார்த்தார். வாளியைத் தொடவில்லை. சேலையை ஒதுக்கிக்கொண்டு அதன் நடுவில் உட்கார்ந்தார். சுவரில் தலையைச் சாய்த்து, "அப்பாடா..." என்றாராம்.