நாற்பத்தொரு கோடும் ஒரு கடைசிப் பக்கமும்

அம்மா: நாப்பத்தொரு ரூபாயா! அவ்வளவு தடவையா கத்தியிருக்கேன்?

மகள்: கத்தினது அம்பது. நாங்க குறுக்க வந்த ஒம்பது கோட்டைக் கழிச்சாச்சு. கதவுக்குப் பின்னால சாக்பீஸ்ல போட்டிருக்கு, நீயே எண்ணிக்கோ.

அம்மா: எண்ணினேன். ரெண்டு கோடு மட்டும் ஏன் குட்டையா இருக்கு?

மகள்: அது பல்லைக் கடிச்சுக்கிட்டுத் திட்டினது.

சின்னவன்: அம்மா, நானும் ஒரு கோடு போட்டேன்!

அம்மா: பாத்தியா, கள்ளக் கணக்கு!

மகள்: அவன் போட்டது லாரிப் படம். அதை எண்ணல. சட்டம் போட்டது யாரு? நீதானே? "நான் எழுதற அரை மணியில நீங்க தொந்தரவு பண்ணினா உங்களுக்கு ஒரு கோடு, நான் கத்தினா எனக்கு ஒரு கோடு. கோட்டுக்கு ஒரு ரூபா..."

அம்மா: நானேதான் போட்டேன். புத்தி கெட்டுப் போய். சரி, சம்பளம் வந்ததும் குடுத்துடறேன். இப்ப கதையோட கடைசிப் பக்கத்தை எடு.

மகள்: கடன் தீர்ந்தாதான் பக்கம். அதை அடகாப் பிடிச்சு வச்சிருக்கேன்.

அம்மா: அடி என் வட்டிக்கடையே! மணி பதினொண்ணு. பன்னெண்டுக்கு லைப்ரரில கதைப் போட்டிப் பெட்டியைப் பூட்டிருவாங்க. எட்டுப் பக்கம் கையில இருக்கு, ஒம்பதாவதக் காணோம். வாலில்லாத குரங்கையா கொண்டு போய்க் குடுக்கச் சொல்ற?

சின்னவன்: குரங்கு எங்க?

அம்மா: இதோ எதிர்ல நிக்குது பாரு, ரெட்டைப் பின்னல் போட்டுக்கிட்டு.

மகள்: போம்மா...

அம்மா: இந்தா, பஸ்ஸுக்கு வச்சிருந்தது. நாப்பத்தஞ்சு ரூபா. மிச்சத்தையும் நீயே வச்சுக்கோ. நான் நடந்து போயிக்கறேன். வாங்கு. கையை ஏன் பின்னால கட்டிக்கற? காசு கேட்டவ காசைக் கண்டா பயப்படறா...

மகள்: வந்து... வட்டி?

சின்னவன்: அக்கா நேத்து அழுதா!

மகள்: டேய், சும்மா இரு!

அம்மா: நீ இங்க வா. என் மூஞ்சியப் பாரு. பக்கம் எங்க?

மகள்: இல்ல.

அம்மா: இல்லன்னா?

மகள்: தம்பி கப்பல் விட்டுட்டான். வாளித் தண்ணில. மை எல்லாம் ஓடிப்போச்சு.

சின்னவன்: ஆமா! பெரிய கப்பல்!

அம்மா: ஐயோ... ஒரு வரி விடாம?

மகள்: கத்தலியா?

அம்மா: கத்த வாய் வரல. நாலு மாசம்டி. பகலெல்லாம் செங்கல் தூக்கின கை, பேனாவப் பிடிச்சா நடுங்கும். உனக்குத் தெரியாதா? நீ ஒண்ணாங்கிளாஸ் போனப்பதான் நானும் உன் பக்கத்துல உக்காந்து எழுத்தைப் படிச்சேன். முப்பது வயசுல. வேலையிடத்துல மேஸ்திரி "டீச்சரம்மா, கலவை காயுது"ன்னு கிண்டல் பண்ணுவாரு. பண்ணட்டும்னு எழுதினேன்...

மகள்: அம்மா, அம்மா, இரு. முழுசாச் சொல்ல விடு. நான் மறுபடி எழுதி வச்சிருக்கேன்.

அம்மா: எதை?

மகள்: கடைசிப் பக்கத்தை. மூணு தடவை அடிச்சு எழுதினேன். என் கையெழுத்து உருண்டையா இருக்கும். வேற கையெழுத்துன்னா வாங்க மாட்டாங்களோன்னுதான் அடகு, வட்டின்னு இழுத்தடிச்சேன்... இந்தா.

அம்மா: குடு. "சுவரின் நிழல் நீண்டபோது அவள் செங்கற்களை எண்ணி முடித்தாள். தலைச்சுமையை இறக்கினாலும் கழுத்து இறக்கவில்லை..." அடிப்பாவி! வார்த்தை பிசகாம இருக்கு.

மகள்: நல்லா இருக்கா?

அம்மா: நான் எழுதினதுதானே, நல்லா இல்லாம இருக்குமா? சிரிக்காத, படிக்க விடு. "வீட்டுக்கு வந்தாள். பிள்ளைகள் சத்தம் போட்டார்கள். அவளும் கத்தினாள். பிறகு வெட்கப்பட்டாள். பேனாவை எடுத்தாள்..."

மகள்: அப்புறம்?

அம்மா: "...பேனாவைத் திறந்தாள். மகள் தம்பியை இடுப்பில் தூக்கிக்கொண்டு வெளியே போனாள். வாசலில் நின்று, நீ எழுதும்மா, நான் இவனைப் பார்த்துக்கொள்கிறேன் என்றாள். அவள் அடுத்த கதையின் முதல் வரியை எழுதினாள்." இது நான் எழுதினது இல்லையே.

மகள்: அந்த இடம் மட்டும் ஞாபகம் இல்ல. அதனால நானா...

அம்மா: ஞாபகமா? இந்தப் பக்கத்தை நான் யாருக்கும் படிச்சுக் காட்டவே இல்லையே. எழுதி, பாயை மடிச்சு அடியில வச்சேன். கப்பல் கரைஞ்சப்புறம் உனக்கு ஞாபகம் எங்கேர்ந்து வந்துச்சு?

மகள்: அது...

அம்மா: இவனுக்குச் சட்டைப் பட்டனே போடத் தெரியாது. கப்பல் மடிச்சது யாரு?

சின்னவன்: அக்கா! எனக்கு மிட்டாய் குடுத்தா!

அம்மா: சொல்லு.

மகள்: நான்தான். படிச்சேன். "அவள் பேனாவை மூடி உண்டியலில் போட்டாள். பிள்ளைகள் வளரட்டும், இனி எழுதுவதில்லை என்று முடிவு செய்தாள்"னு இருந்துச்சு. எனக்குப் பிடிக்கல.

அம்மா: அது கதைடி.

மகள்: கதைல வர்ற வீடு நம்ம வீடு. கதவுக்குப் பின்னால கோடு கூட இருக்கு. கிளாஸ்ல "உங்கம்மா என்ன வேலை"ன்னு டீச்சர் கேட்டப்ப, எங்கம்மா கட்டடமும் கட்டுவாங்க, கதையும் கட்டுவாங்கன்னு எழுந்து நின்னு சொன்னேன். எல்லாரும் திரும்பிப் பாத்தாங்க. இப்ப நீ நிறுத்திட்டா நான் என்ன சொல்றது?

அம்மா: அப்படியா சொன்ன?

மகள்: ரெண்டு தடவை. மொத தடவை டீச்சருக்குக் கேக்கல.

அம்மா: கத்தி கத்தி உங்களைப் பாழாக்கறேனோன்னு நெனச்சேன். அம்பது கோட்டையும் பாத்தப்ப... நீ என்னடான்னா உக்காந்து என் கதைக்கு முடிவு எழுதியிருக்க. அதுவும் என்னோடத விட நல்லா.

மகள்: நெஜமா?

அம்மா: பொறாமையா இருக்கு, போ. இடுப்புல தூக்கிக்கிட்டுன்னு எழுதினியே, இந்தத் தடியனைத் தூக்கிடுவியா?

சின்னவன்: தூக்கு! தூக்கு!

மகள்: ஐயோ, கனக்கறான்... ஆனா தூக்கிட்டேன். பாரு. மணி பதினொண்ணு இருபது. நாங்க வாசல்ல இருக்கோம். நீ உன் கையெழுத்துல எழுதிடு.

அம்மா: உன் முடிவை நான் எழுதவா?

மகள்: உனக்குப் பிடிச்சா. சும்மா எனக்காக வேணாம்.

அம்மா: பிடிச்சிருக்குடி. மனசாரச் சொல்றேன்.

மகள்: அப்ப கடனை அழிச்சுடறேன். ஈரத் துணி எங்க? கோடு மொத்தமும் போகட்டும், லாரி மட்டும் இருக்கட்டும். நாப்பத்தொண்ணும் தள்ளுபடி. உக்காரு, எழுது... ஏம்மா முழிக்கற? பேனா எங்க?

அம்மா: உண்டியல் டப்பாவைத் திறந்து எடுத்துக் குடு. கதைல எழுதின மாதிரியே, கடனுக்கு ஈடா அன்னிக்கே உள்ள போட்டுட்டேன்.