காலி கார்

“இனிமே மேட்ச் அன்னிக்கு காலி காரைக் கொண்டுவந்து நிறுத்த முடியாது. காரை வித்தாச்சு.”

கிழக்கேகோட்டையில் பஸ் கிளம்பியதும் முன் சீட்டுக்காரர் இப்படிச் சொன்னதால்தான் காது கொடுத்தேன். ஒரு சினிமா நடிகர் நடத்தும் சின்ன ஃபுட்பால் கிளப்புக்கு அவர் பொருளாளர் என்றும், பக்கத்தில் இருந்தவர் கோச் என்றும் பேச்சிலேயே தெரிந்தது.

“அய்யோ சாமி! அவரு வராத அன்னிக்கும் அந்தக் கார் கேட்டுல நின்னாத்தானே ஆளு டிக்கெட் எடுப்பான்?”

“படம் ரெண்டும் ஓடலை. கிளப்பை வித்துடுங்கோன்னு நான்தான் சொன்னேன். அவர் காரை வித்துட்டார்.”

“அப்ப நேத்து கலெக்‌ஷன்?”

“டீ செலவுக்கே காணாது. ஆனா அவர் வந்திருந்தார், கேட்டேளா.”

“நான் பாக்கல்லியே!”

“ஆட்டோல வந்தார். கார் இல்லையா, ஒருத்தரும் திரும்பிப் பாக்கலை. கவுண்டர்ல டிக்கெட் எடுத்துண்டு கேலரில உக்காந்து கடைசிவரைக்கும் பாத்தார். முன்னெல்லாம் ஜனம் மொய்ச்சு, பாதியிலேயே போலீஸ்காரா அவரைக் கார்ல ஏத்தி அனுப்பிடுவாளே.”



“நாம தோத்தோம் அல்லே, சாமி. என்ன சொன்னாரு?”

“எப்பவும் ராத்திரி போன் பண்ணி யார் ஜெயிச்சான்னுதான் கேப்பார். நேத்து அதைக் கேக்கலை. லெஃப்ட் பேக் ஆடறவனுக்கு பூட்ஸ் கடிக்கறது, உடனே மாத்திக் குடுக்கணும்னார்.”