கிளெம் டோரன்ஸ் வெளியே அழைத்த ஆட்டக்காரன்

முன்வரிசையில் அமர்ந்திருக்கும் மாவிஸ் டோரன்ஸ் அவர்களே, உங்களுக்கே என் முதல் வணக்கம். காலையில் உங்கள் கணவர் கிளெமின் உடலைத் தோளில் சுமந்து வந்த மெரிகல் கால்பந்துச் சங்கத்தின் ஆட்டக்காரர்களே, நெடுந்தொலைவு வண்டி ஓட்டி வந்திருக்கும் டாரபூல் எதிரணி நண்பர்களே, உங்களுக்கும் வணக்கம். கடைசியாக, மேடையில் வீற்றிருக்கும் சங்கத் தலைவர் ராய் ஹேடோ அவர்களே, செயற்குழுவினரே, உங்களுக்கும் வணக்கம். கிளெனிஸ் வரிசையை மாற்றிச் சொல்லிவிட்டாள் என்று யாரும் முணுமுணுக்க வேண்டாம். தெரிந்துதான் சொன்னேன்.

எனக்கு முன்னால் மூன்று பேர் பேசினார்கள். மூவரும் கிளெமை 'மாபெரும் பயிற்சியாளர்' என்றார்கள். நம் மைதானத்துக்கே அவர் பெயரைச் சூட்டப்போவதாகத் தலைவர் அறிவித்தார். நீங்களும் கை தட்டினீர்கள். நான் ஒன்று கேட்கிறேன். அந்த மாபெரும் பயிற்சியாளரை இந்தச் சங்கத்திலிருந்து விரட்டியது யார்? டாரபூல்காரர்களா? வானத்திலிருந்து வந்தவர்களா? அதைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லையே, ஏன்?

அதைச் சொல்லத்தான் வந்திருக்கிறேன். அன்றும் இன்றும் இந்த அணியின் முதலுதவிக்காரி நான். நடந்தது என் கண்ணெதிரே நடந்தது.

கிளெம் வருவதற்கு முன், கையால் பிடித்துக் காலால் உதைக்கும் நம் ஆஸ்திரேலியக் கால்பந்து இந்த ஊரில் எப்படி இருந்தது? நினைவிருக்கிறதா? யார் கையில் பந்து கிடைத்தாலும் கண்ணை மூடிக்கொண்டு முன்னால் நிற்கும் நட்சத்திர ஆட்டக்காரனை நோக்கி ஓங்கி உதைப்பது. அவன் பிடித்தால் கோல். பிடிக்காவிட்டால் உடை மாற்றும் அறையில் அவனுக்கு வசவு. அதற்குப் பெயர் வியூகமாம்! ஆட்டம் முடிந்தால் பின்வரிசைக்காரன் முன்வரிசைக்காரனோடு சேர்ந்து பீர் குடிக்க மாட்டான். அப்படி ஒரு ஒற்றுமை!

பள்ளிப் பேருந்து ஓட்டிக்கொண்டிருந்த இந்த மனிதர் வந்தார். முதல் நாள் பயிற்சியில் பந்தையே கண்ணில் காட்டவில்லை. ஓடச் சொன்னார், மறிக்கச் சொன்னார், காலியாக இருக்கும் இடத்தைத் தேடி நிற்கச் சொன்னார். பையன்கள் விடுவார்களா?

"என்ன கோச், பந்தைப் பஸ்ஸுலயே விட்டுட்டு வந்துட்டீங்களா?"

கிளெம் சிரிக்கவில்லை. "முழு ஆட்டத்துல பந்து உன் கையில இருக்கிறது ரெண்டு நிமிஷம்டா. மிச்ச நேரம் என்ன கிழிக்கப்போறேன்னு எனக்குக் காட்டு" என்றார்.

அதுதான் ஐயா வியூகம்! பந்து இல்லாதவனைப் பார்க்கச் சொல்லிக்கொடுத்தார். கோல் போட்டவனை விட்டுவிட்டு, அவனுக்கு வழி கிடைக்க எதிராளியை மறித்து நின்றவனைத் தேடிப்போய்க் கை குலுக்கினார். இடைவேளையில் மற்றப் பயிற்சியாளர்கள் தொண்டை கிழியக் கத்துவார்கள். இவரோ கடைசி வரிசைக்காரனைக் கூப்பிட்டு, "உனக்கு என்ன தெரியுது, சொல்லு" என்று கேட்பார். அவன் சொன்னதை வைத்து ஆட்டத்தையே மாற்றுவார். வருடக்கணக்கில் கடைசி இடத்தில் கிடந்த மெரிகல், அவருடைய மூன்றாவது பருவத்தில் இறுதி ஆட்டத்துக்குப் போனது. போனதா இல்லையா? பதில் சொல்லுங்கள்!

(கூட்டத்தில் "போனது! போனது!" என்ற குரல்கள்.)

அந்த இறுதி ஆட்டம். கடைசிக் கால்பகுதி. நாம் ஒரு கோல், அதாவது ஆறு புள்ளி, பின்தங்கியிருக்கிறோம். நம் முன்வரிசை வீரன் டாமியன் வெரன் பந்தைப் பிடிக்க எம்பினான். எதிராளியின் முழங்கால் அவன் காதுக்கு மேலே மோதியது. நான் ஓடினேன். எழுந்து நின்றான், சிரித்தான்.

"எனக்கு ஒண்ணுமில்ல கிளெனிஸ், நல்லாத்தான் இருக்கேன். நாம எந்தப் பக்கம் கோல் போடணும்?"

கைகாட்டினேன். தலையாட்டிவிட்டு எதிர்ப் பக்கமாக நடந்தான்.

கோட்டோரத்திலிருந்து கிளெம் அதைப் பார்த்துவிட்டார். நான் எதுவும் சொல்லத் தேவையே இருக்கவில்லை. "வெளியே கூட்டிட்டு வா" என்றார். அவ்வளவுதான். டாமியனைப் பெஞ்சில் உட்கார வைத்துத் தன் கோட்டைப் போர்த்திவிட்டார்.

அப்போது வேலியைத் தாண்டிக் குதித்து வந்தார் ஒருவர். ராய், அது நீங்கள்தான்.

"என்னய்யா பண்றே? கப்பு கைக்கெட்டுற தூரத்துல இருக்கு! அவனை உள்ள அனுப்பு!"

"முடியாது ராய்."

"அவனே ஆடுறேன்னு சொல்றான்!"

"அவனுக்கு இது எந்த ஊருன்னே தெரியல. போய் உக்காரு."

"இதுக்கு நீ பதில் சொல்லியாகணும் கிளெம்!"

"சொல்றேன். இப்ப வழிய விடு, ஆட்டத்த மறைக்கிறே."

நாம் தோற்றோம். நான்கு புள்ளியில் தோற்றோம். பேருந்தில் திரும்பும்போது டாமியன் என் மடியிலேயே வாந்தி எடுத்தான், வலிப்பு வந்தது. விமானத்தில் மெல்பர்ன் கொண்டுபோனார்கள். மூளையில் இரத்தக்கசிவு. இன்னொரு அடி, ஒரேயொரு அடி விழுந்திருந்தால் உயிரோடு வந்திருக்க மாட்டான் என்று அறுவை மருத்துவர் கிளெமிடம் சொன்னபோது நானும் பக்கத்தில் நின்றிருந்தேன்.

டாமியன் மருத்துவமனைக் கட்டிலில் கண் விழிப்பதற்கு முன்பே செயற்குழு கூடியது! எதற்கு? அவன் எப்படி இருக்கிறான் என்று விசாரிக்கவா? இல்லை! 'மனத்துணிவு இல்லாதவர்' என்று சொல்லிக் கிளெமை நீக்க! துணிவு இல்லாதவராம்! ஊரே கோப்பை கேட்டுக் கூச்சலிடும்போது ஒற்றை ஆளாக நின்று 'முடியாது' என்றவருக்குத் துணிவு இல்லையாம்! மதுக்கடையில் அவர் நுழைந்தால் பேச்சு நின்றுபோனது. அவர் பேருந்தின் கண்ணாடியில் 'கோழை' என்று எழுதினார்கள். மாவிஸ் வாளித் தண்ணீரோடு போய் அதைக் கழுவினார். மாவிஸ், நீங்கள் கழுவியதை இந்த ஊர் மறந்துவிட்டது. நான் மறக்கவில்லை.

அவர் என்ன செய்தார் தெரியுமா? டாரபூல் சங்கம் கூப்பிட்டது, போகவில்லை. ஒவ்வொரு சனிக்கிழமையும் மைதான ஓரத்தில் வண்டியை நிறுத்தி உட்கார்ந்தார். மெரிகல் கோல் போட்டால் ஹார்ன் அடித்தார். தன்னை விரட்டியவர்களுக்காக அடித்தார்! அதோ மூன்றாவது வரிசையில், இரண்டு மகள்களோடு டாமியன் வெரன் உட்கார்ந்திருக்கிறார். கிளெம் வென்ற கோப்பை அதுதான்!

இவ்வளவும் பழைய கதை, துக்க நாளில் எதற்கு என்கிறீர்களா? பழைய கதையாக இருந்தால் பேசியிருக்க மாட்டேன். மேடைக்குப் பின்னால் அணிப் பெயர்களைச் சாக்கட்டியால் எழுதிய பலகை இருக்கிறது, பாருங்கள். நாளை மறுநாள் அரையிறுதி. அணியில் ஜார்விஸ் கினெல்லியின் பெயர் இருக்கிறது. போன சனிக்கிழமை தலையில் அடிபட்டு விழுந்தவன் ஜார்விஸ்! ஆடக்கூடாது என்று நான் சொன்னேன். தோள்பட்டையில்தான் அடி என்று செயற்குழு சொல்லிக்கொள்கிறது!

(தலைவர் குறுக்கிட்டு: "கிளெனிஸ், இது இரங்கல் கூட்டம்மா.")

ஆமாம் ராய், இரங்கல் கூட்டம்தான்! இன்னொரு இரங்கல் கூட்டம் வேண்டாம் என்றுதான் பேசுகிறேன்! ஜார்விஸ், எழுந்திருப்பா. இங்கே வண்டியை யார் ஓட்டி வந்தது?

(ஜார்விஸ்: "என் பொண்டாட்டி.")

நீ ஏன் ஓட்டவில்லை?

(ஜார்விஸ்: "வெளிச்சம் பட்டா கண்ணு கூசுது. தலை விண்ணு விண்ணுனு தெறிக்குது.")

கேட்டீர்களா? தோள்பட்டை வலி!

(அணித்தலைவர் பிரோடி எழுந்து: "அவன் ஆடினா நான் ஆடல." ஆட்டக்காரர்கள் ஒவ்வொருவராக எழுந்து நின்றனர்.)

இந்தச் சங்கம் விரட்டிவிட்ட மனிதர் கற்றுக்கொடுத்தது அவரிடம் ஒரு நாளும் பயிற்சி பெற்றிராத பிள்ளைகள் வரைக்கும் வந்து நிற்கிறது!

கிளெம் டோரன்ஸ் அவர்களே, இது என் வாக்கு. என் கால் நடக்கும் வரை நான் அந்தப் பெஞ்சில் இருப்பேன். தலையில் அடிபட்ட ஒருவனை உள்ளே அனுப்ப நினைப்பவர், அவர் தலைவரே ஆனாலும், என்னைத் தாண்டித்தான் போக வேண்டும். ராய், அந்தப் பெயரை நீங்கள் அழிக்கிறீர்களா, நான் அழிக்கட்டுமா?

(தலைவர் எழுந்து சென்று, கோட்டுக் கையால் பலகையிலிருந்த ஜார்விஸின் பெயரைத் துடைத்தார்.)

நன்றி ராய். உட்காராதீர்கள். மாவிஸிடம் போய், இத்தனை ஆண்டுகளாகச் சொல்லாமல் விட்டதைச் சொல்லுங்கள். நாங்கள் காத்திருக்கிறோம்.