வெட்டியெடுத்த இரண்டு நிமிடம்

பெரிய பெரிய எழுத்தாளர்கள்கூட மைக் முன்னால் உட்கார்ந்துவிட்டால் வரிக்கு வரி 'வந்து', 'வந்து' என்பார்கள். அந்த 'வந்து'களைப் பொறுக்கி எறிவதுதான் நம் வானொலியில் என் உத்தியோகம். 'எழுத்தாளர் உரை'யில் ஞாயிறுதோறும் நேயர்கள் கேட்கும் தடங்கலில்லாத பேச்செல்லாம் என் கைவேலை. பெருமைக்குச் சொல்லவில்லை, மேடம். நிலைய இயக்குநர் நீங்களே கேட்கும்போது முதலிலிருந்து முறையாகச் சொல்ல வேண்டுமல்லவா.

போன மாதம் ஒரு ஞாயிறு உரை என் மனைவியுடையது. அவளை அழைத்தது நீங்கள்தான். நான் சிபாரிசு செய்யவில்லை. கதையில் பொய் எதற்கு என்பது தலைப்பு. அதில் எங்கள் மகள் குட்டியைப் பற்றிப் பேசப் போவதாக முதல் நாளே சொன்னாள்.

"என்னங்க, உண்மையச் சொல்லிடட்டுமா? இனிமே என்னால சுமக்க முடியல."

"உன் பேச்சு, உன் இஷ்டம்" என்றேன்.

மூன்று வருடத்துக்கு முன்பு நடந்தது, குட்டிக்கு அப்போது நாலு வயது. என் மனைவி தன் புத்தக வேலையாக அச்சகத்துக்குப் போயிருந்தாள். வீட்டில் நானும் குட்டியும்தான். பால் வாங்கி வந்த நான் கேட்டைத் தாழிடவில்லை. வீட்டுக்கு எடுத்து வந்திருந்த ஓர் உரையின் ஒலிப்பதிவைத் திருத்த உட்கார்ந்துவிட்டேன். குட்டி தெருவுக்குப் போய்விட்டாள். ஒரு வேன் வந்தது. மற்றதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

என் மனைவி ஓடி வந்தபோது நான் பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு தெருவில் உட்கார்ந்திருந்தேன். என் முகத்தைப் பார்த்தாள். சுற்றி நின்றவர்களிடம், "இவர் வீட்லயே இல்ல. நான்தான் பிள்ளையத் தனியா விட்டுட்டு, கேட்டையும் திறந்து போட்டுட்டு ஓடினேன்" என்றாள். அந்தப் பழியை நான் தாங்கமாட்டேன் என்று அந்த நொடியிலேயே அவளுக்குத் தெரிந்திருக்கிறது. நானும் மறுக்கவில்லை. என் அம்மா, "எழுத்து எழுத்துன்னு பெத்த பிள்ளைய முழுங்கிட்டா" என்று போகிற இடமெல்லாம் சொன்னாள். மாமியார் மகளிடம் பேசுவதையே விட்டுவிட்டார். மூன்று வருடம் அவள் அதைக் கேட்டுக்கொண்டு எனக்குச் சோறு போட்டாள். எனக்கு அவள் என்றால் உயிர். இதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

ஒலிப்பதிவு முடிந்து வெளியே வந்தவள், "இப்பதாங்க மூச்சு விட முடியுது" என்றாள். அந்த வாரம் முழுக்கப் பாடிக்கொண்டே வீட்டு வேலை செய்தாள். இரண்டு அம்மாக்களையும் கெஞ்சிக் கூத்தாடி ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வரச் சம்மதிக்க வைத்தாள். எல்லோரும் சேர்ந்து கேட்க வேண்டுமாம்.

உரை இரண்டு நிமிடம் நீளமாக இருந்தது. எதையாவது வெட்டித்தான் ஆக வேண்டும். "பிள்ளையைத் தனியாக விட்டுவிட்டு, கேட்டைத் திறந்து போட்டுவிட்டுப் போனவள் நான்" என்று சொல்லிவிட்டு அவள் கொஞ்சம் மூச்சு வாங்கினாள். பிறகு, "இப்படித்தான் எல்லாரிடமும் சொன்னேன். அது பொய்" என்று தொடங்கி மிச்சத்தைச் சொன்னாள். நான் அந்த மூச்சோடு நிறுத்தினேன். மிச்சத்தை எடுத்துவிட்டு அடுத்த பகுதியை ஒட்டினேன். நான் எதையும் சேர்க்கவில்லை; ஒலிபரப்பானது முழுக்க அவள் குரல்தான்.

ஞாயிறன்று ரேடியோ பக்கத்தில் சின்னப் பெண்போல உட்கார்ந்திருந்தாள். அந்த இடம் வந்தது, போனது. அறிவிப்பாளர் நன்றி சொல்லும்வரை காத்திருந்தாள்.

மாமியார் எழுந்தார். "ஊருக்கே சொல்லிப் பீத்திக்கிறதுக்குத்தான் என்னையக் கூப்பிட்டியா?"

அவள் என்னைத்தான் பார்த்தாள்.

"ஒட்டின இடமே தெரியலைங்க" என்றாள். பெட்டியை எடுத்துக்கொண்டு தன் அக்கா வீட்டுக்குப் போனாள். அதன்பின் நான் போன் செய்தால் எடுப்பதில்லை.

முழுப் பதிவையும் தன் அம்மாவுக்குப் போட்டுக் காட்ட வேண்டும் என்று உங்களிடம் கேட்டிருக்கிறாள். அது இல்லை, மேடம். எங்கும் இல்லை. ஒலிபரப்புக்கு முன்பே அழித்துவிட்டேன். இயந்திரக் கோளாறு என்று நான் எழுதிக் கொடுத்தது உண்மையல்ல.

ஆனால் காரணத்தையும் நீங்கள் கேட்க வேண்டும். அந்தப் பகுதியில் அவள் எனக்காகப் பரிந்து பேசியிருந்தாள். "அவர் காதில் ஹெட்போன் இருந்தது. குழந்தை கூப்பிட்டிருந்தாலும் கேட்டிருக்காது" என்றாள். அது சரியில்லை. எனக்குக் கேட்டது. "அப்பா, கேட் திறந்திருக்கு, வெளிய போகட்டா?" என்றாள் குட்டி. என் காதில் எழுத்தாளர் ஒருவர் நல்ல வாக்கியம் ஒன்றின் நடுவில் இருந்தார். நான் திரும்பாமலே தலையாட்டினேன்.

தவறான தகவலை நாம் ஒலிபரப்பக் கூடாது, மேடம். அதனால்தான் வெட்டினேன்.