கிளைவோட இடம் காலியில்லை

"புஸ்ஸ்... கீச். புஸ்ஸ்... கீச். விடியக்காலைல, கடல் காக்கா முழிக்கிறதுக்கு முன்னாடி, இதே இடத்துலதாம்மா அந்தச் சத்தம் கேட்கும். கிளைவ் காத்து மெத்தைக்குக் காலால பம்ப் மிதிப்பான். ஓட்டை மெத்தை! ராத்திரி அடைச்ச காத்து விடியறதுக்குள்ள போயி, தரையோட தரையா கிடப்பான். புதுசு வாங்கித் தொலையேன்டா எருமைன்னா, 'நல்லாத்தானே இருக்கு நெரிடா'ம்பான். எத்தனை கோடை இந்தக் கூத்து! ...ஐயோ, அங்க முளை அடிக்காதே! எறும்பு. கடிக்கிற எறும்பு."

கிறிஸ்துமஸ் நெருங்கிவிட்டது. ஆஸ்திரேலியாவில் அது உச்சிக் கோடை. கடற்கரை விடுமுறை முகாமில், பக்கத்து இடத்தில் கூடாரம் போட வந்த இளம்பெண்ணிடம் நெரிடா பேசிக்கொண்டிருந்தாள். அந்தப் பெண் சிரித்துவிட்டு முளையை இரண்டடி தள்ளி வைத்தாள்.

"அங்கயும் வேணாம் கண்ணு. மேல பாரு, கிளை. இந்த வெயில்ல பட்டுனு ஒடிஞ்சு விழும். போன தடவை ஒரு ஆளு மேல... சரி, ஆளு இல்ல, நாற்காலி. நாற்காலின்னா பரவாயில்லையா? பேசாம கழிப்பறைப் பக்கம் போட்டுக்கயேன், ராத்திரி அவசரத்துக்கு எவ்வளவு வசதி! நாத்தமா? சேச்சே... கடல் காத்து அடிச்சா தெரியாது.

என்னது, உன் பேருக்கு எழுதிட்டாங்களா? முகாம் ஆபீஸ்ல ஆயிரம் சொல்லுவாங்க. இது கிளைவ் இடம். கோதுமை அறுப்பு முடிஞ்சா எங்க தெருவே இங்க வந்துரும். ஊர்லயும் அவன் பக்கத்து வீடுதான்.

ஊர்ல பேசுவோமாவா? ஊர்ல எதுக்குப் பேசணும்? தலையை ஆட்டுவோம், குப்பைத்தொட்டிய உருட்டி வெச்சுட்டு உள்ள போயிருவோம். பேச்செல்லாம் லீவுலதான். அரைக்கால் டவுசரோட இங்க வந்து நின்னான்னா, பொழுது சாயற வரைக்கும் சண்டை! 'கிறிஸ்துமஸ்னு கொதிக்கிற வெயில்ல வான்கோழிய வேக வெக்கிறியே, பனியா கொட்டுது? இது ஆஸ்திரேலியாடி'ம்பான். அவன் மட்டும் என்னவாம்? இறாலை வாங்கி வெயில்ல வெச்சு, அதையே தின்னுட்டு... வேணாம், நீ சாப்பிடற நேரம்.

ஒரு கோடை வரலேன்னா இடம் போச்சு, அதான் இங்க சட்டம். அவன் வருவான். வந்தா எங்க படுப்பான், சொல்லு? உன் கூடாரத்துக்குள்ளயா?

இன்னும் ஏன் வரலையா... எவளோ அவன்மேல புகார் சொல்லிட்டா. பம்ப் சத்தம் தாங்கலைன்னு. எவளோன்னா... நான்தான். வருஷா வருஷம் சொல்லுவேன்! அவனும் என் குறட்டைய பத்திச் சொல்லுவான். கிறிஸ்துமஸ் வாழ்த்து மாதிரி அது, எங்களுக்குள்ள. ஆபீஸ்ல சிரிச்சுட்டு விட்டுருவாங்க. போன வருஷம் புதுசா ஒரு மேனேஜர் வந்தான், பாழாப்போனவன், நெசம்னு நம்பித் தொலைச்சுட்டான்! கிளைவைக் கூப்பிட்டு, அத்தனை பேர் முன்னாடி கண்டிச்சு, என் பேரையும் சொல்லிட்டான். நான் அதுக்குள்ள ஊருக்குக் கிளம்பிட்டேன். அப்புறந்தான் தெரியும். தெரிஞ்சு? சும்மா தமாஷுடான்னு சொல்லணும். ஊர்ல வெச்சு எப்பிடிச் சொல்றது? ஊர்லதான் நாங்க பேசறதில்லையே! இங்க வரட்டும், சொல்லிக்கலாம்னு வருஷம் பூரா வாய மூடிட்டு... கேக்குறியா நீ?"

கூடாரம் எழும்பி நின்றது. அந்தப் பெண் தோளில் துண்டோடு கடலை நோக்கிப் பாதி தூரம் போயிருந்தாள்.

கிளைவ் வரவில்லை. அந்தக் கோடையில் அவன் தன் வீட்டுக்குப் பின்னால் நீச்சல்குளம் வெட்டிக்கொண்டான். அதற்கப்புறம் கடலுக்கு வரவேயில்லை.