மூன்றாம் கம்பத்து ஒலிவாங்கி

கதவு சத்தமில்லாமல் சாத்த வேண்டுமென்றால் கீலுக்கு எண்ணெய் விட்டால் மட்டும் போதாது. சட்டத்தின் உள்விளிம்பில் கம்பளிப் பட்டை ஒட்ட வேண்டும். பலரும் இதில்தான் கோட்டை விடுகிறார்கள். கல்சோக் சதுப்புநிலப் பார்வையாளர் மையத்தின் பதினான்கு கதவுகளுக்கும் என் கையாலேயே ஒட்டினேன்.

நிதானமாகச் சொல்லுங்கள் என்றீர்கள், இன்ஸ்பெக்டர் ஐயா. எனக்கு வேறு மாதிரி சொல்லத் தெரியாது. என் பெயர் நாம் ஹே-வோன், வயது ஐம்பத்திரண்டு, கட்டடம் வரைவது தொழில்.

கரையிலிருந்து பார்த்தால் தெரியும் பாறைத் திட்டில் கரண்டிவாயன் பறவைகள் முட்டையிடுகின்றன. உலகத்திலேயே சில ஆயிரம்தான் இருக்கின்றன. திடுக்கிட்டு எழும்பினால் போச்சு, ஐந்தே நிமிடத்தில் கடற்காகங்கள் முட்டையைக் குடித்துவிடும். பறவைக்குக் கட்டடம் பிடிக்காவிட்டால் புகார் எழுதாது, போய்விடும். மனிதர்கள் எழுதிக்கொண்டே இருப்பார்கள், போக மாட்டார்கள். ஆகவே பறவைக்காகவே கட்டினேன். கூரை நாணலைவிட உயரமில்லை. பறவை மோதாமலிருக்கக் கண்ணாடிகளைச் சாய்த்து வைத்தேன். யாரும் கிட்டே போகாமலே கேட்கட்டும் என்று சேற்றில் நான்கு கம்பங்கள் நட்டு ஒலிவாங்கி பொருத்தினேன். வெளியே என்ன சத்தம் வந்தாலும் கூடத்தில் கேட்கும், பதிவும் ஆகும். கூடத்துச் சத்தம் துளிகூட வெளியே போகாது.

ஊரின் வெண்கலச் சேகண்டி ஒன்றுதான் தொல்லையாக இருந்தது. அந்த ஊர்ப் பெண்கள் சேற்றுப் பலகையில் ஒரு காலை மடித்து வைத்து, மறுகாலால் தள்ளிக்கொண்டு, இரண்டு கிலோமீட்டர் உள்ளே போய்ச் சிப்பி எடுப்பார்கள். மூடுபனி இறங்கிவிட்டால் கரை எது கடல் எது என்று தெரியாது. வீட்டில் இருக்கும் யாராவது கரையில் நின்று சேகண்டி தட்டுவார்கள். சத்தம் வரும் பக்கம் பலகையைத் திருப்பினால் வீடு வந்துவிடும். அந்தச் சத்தத்துக்குத்தான் பறவைகள் எழும்பின. அதற்குப் பதிலாகக் கரை நெடுக, தாழ்வாக, மஞ்சள் விளக்குகள் வைப்பதாகச் சொன்னேன். நவம்பர் பனியில் சோதித்துப் பார்த்திருந்தேன். நன்றாகவே தெரிந்தன.

ஊர்க்கூட்டத்தில் எதிர்த்துப் பேசியவர் கும்-டான் அக்கா ஒருவர்தான். சிப்பி எடுப்பவர், அறுபத்தேழு வயது, தொண்டை மட்டும் இருபது.

“விளக்கெல்லாம் கல்யாண வீட்டுக்கு நல்லாருக்கும் மேடம். மே மாசப் பனியில என் மூக்கே எனக்குத் தெரியாது. உங்க விளக்கா தெரியப்போவுது?”

“உன் மூக்கு உனக்குத்தான் தெரியாது, ஊருக்கே தெரியும்,” என்றார் அவர் கணவர் சாங்-சுல். கூட்டம் சிரித்தது. நானும் சிரித்தேன். ஆனால் முகம் சூடாகிவிட்டது. நூற்றுப் பத்து பேர் முன்னால் என் கணக்கைத் தப்பு என்று யாரும் அதுவரை சொன்னதில்லை.

“என்னை நம்புங்க அக்கா,” என்றேன்.

அவர் ஒப்புதல் தாளைத் தன் பக்கம் இழுத்தார். “அக்கான்னு கூப்புட்டுட்டே. கூப்புட்ட வாயால மோசம் பண்ண மாட்டே,” என்று கையெழுத்துப் போட்டார். முட்டைக் காலம் நான்கு மாதமும் சேகண்டி தட்டுவதில்லை என்று முடிவானது. அதைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்துக் கூடத்தில் பூட்டினேன். சாவி என்னிடம் இருந்தது.

மே பத்தொன்பது, திங்கட்கிழமை, மையத்துக்கு விடுமுறை. காலை ஒன்பதரைக்குப் பனி இறங்கியது. முதல் விளக்கு ஜன்னலிலிருந்து நாற்பதடி தூரம். அது தெரியவில்லை. கண்ணாடியைத் துடைத்துப் பார்த்தேன். அப்போதும் தெரியவில்லை. எனக்குப் பயம் பிடித்தது அப்போதுதான்.

சரியாகப் பத்து மணிக்கு, என் தலைக்கு மேலே, கூடத்து ஒலிபெருக்கியில் ஒரு பெண் கூப்பிட்டார். “எந்தப் பக்கம்? யாராச்சும் இருக்கீங்களா?” குரலைக் கேட்டதும் யார் என்று தெரிந்துவிட்டது. கடல் ஏறத் தொடங்கும் நேரம் அது.

பத்து நிமிடம் கழித்து சாங்-சுல் அண்ணன் கதவைத் தட்டினார். ஒலிபெருக்கியை அணைத்துவிட்டுத் திறந்தேன்.

“அவ இன்னும் வரல மேடம். சேகண்டியக் குடுங்க, சீக்கிரம்.”

“எல்லாரும் மேற்குத் துறையில ஏறிட்டாங்கண்ணே. அக்காவும்தான். இப்பதான் போன் வந்துச்சு.”

“அவ போன வீட்டுலயே வெச்சுட்டுப் போயிட்டாளே?”

“கூட வந்தவங்க பேசுனாங்க.”

அவர் கதவுநிலையைப் பிடித்துக்கொண்டு மூச்சு விட்டார். “கிழவிக்கு இன்னைக்கு இருக்கு. பயத்துல உசிரே போயிடுச்சு,” என்று சிரித்தார். எனக்குக் குனிந்து வணங்கிவிட்டு மேற்குத் துறைக்கு வண்டியை விட்டார். அது ஐந்து கிலோமீட்டர். கதவு சத்தமில்லாமல் சாத்திக்கொண்டது.

ஒலிபெருக்கியை மறுபடி போட்டேன். கேட்காமல் இருப்பது இன்னும் பயமாக இருந்தது.

“தங்கச்சி,” என்றது குரல், மிக அருகில். “உன் கம்பத்தப் புடிச்சிட்டேன். மூணுன்னு எழுதியிருக்கு. உனக்குக் கேக்கும்னு தெரியும், திறப்பு விழாவுல நீதானே சொன்னே. ஒரு தரம் தட்டு. பக்கம் தெரிஞ்சா போதும், நான் வந்துடுவேன்.”

விரலால் ஒலிவாங்கியைத் தட்டினார். கூடம் முழுக்க அந்தச் சத்தம் விழுந்தது. நான் பெட்டிக்கு முன்னால் சாவியோடு நின்றேன். மீட்புப் படையின் எண் சுவரில் என் கண் முன்னால் ஒட்டியிருந்தது.

“தண்ணி இடுப்புக்கு வந்துடுச்சு தங்கச்சி. பலகை போயிடுச்சு. பயமா இருக்கு.”

“எனக்கும் பயமா இருக்கு அக்கா,” என்று சொன்னேன், வாய்விட்டுத்தான் சொன்னேன். அது அவருக்குக் கேட்காது.

பிறகு அவர் கெஞ்சவில்லை. “கேட்டுக்கிட்டுத்தானே இருக்கே?” என்று ஒருமுறை கேட்டார். ஒலியைக் குறைத்தேன். முழுக்க அணைக்கவில்லை, அது மரியாதையில்லை என்று பட்டது. பத்து நாற்பத்திரண்டுக்கு அந்தக் கம்பத்திலிருந்து தண்ணீர்ச் சத்தம் மட்டும் வந்தது.

முட்டைகளைக் காப்பாற்றத்தான் தட்டவில்லை என்று உங்களிடம் நேற்று எழுதிக் கொடுத்தேன். எழுதும்போது நானே நம்பினேன். இன்று நீங்கள் நான்காம் கம்பத்தின் பதிவைப் போட்டுக் காட்டினீர்கள், பாறைத் திட்டுக்குப் பக்கத்தில் இருப்பது அதுதான். பத்து மணிக்கு அக்கா போட்ட முதல் கூப்பாட்டிலேயே பறவைக் கூட்டம் முழுவதும் சிறகடித்து எழும்புகிறது. அடுத்து கடற்காகங்களின் கூச்சல். அண்ணன் வந்து கேட்டபோது காப்பாற்றுவதற்கு அந்தத் திட்டில் எதுவும் மிச்சமில்லை.

அந்தச் சிறகடிப்பை நீங்கள் இன்றுதான் கேட்டீர்கள். நான் அன்றைக்கே கேட்டேன். அதற்குப் பிறகும் நாற்பத்திரண்டு நிமிடம் சாவியோடு நின்றேன். ஒரு தரம் தட்டியிருந்தால் அக்கா கரையேறியிருப்பார். ஏறி, விளக்கு தெரியவில்லை என்று நூற்றுப் பத்து பேருக்கும் சொல்லியிருப்பார். அந்தப் பயத்தில்தான் அவரைச் சாக விட்டேன்.