ஆமெனுக்கு முதல் வாற வரி

லூர்தம்மா: பொறு எட்வேட், மணியை விடு. மணி அடிச்சியெண்டா பிறகு உன்னைப் பிடிக்கேலாது.

எட்வேட்: என்ன மாமி, செபமாலை தொடங்க நேரமாகுது. ஊரடங்குக்கு முதல் சனம் வீட்ட போகவேணும்.

லூர்தம்மா: ஊரடங்கு, ஊரடங்கு… முன்னுக்கு நிண்டு அருள்நிறை மந்திரத்தை ஆறுதலாத்தானே சொல்லுறாய். விசுவாசப் பிரமாணம் வந்தா மட்டும் ஏன் தலைமன்னார் கடைசி பஸ் மாதிரிப் பறக்கிறாய்?

எட்வேட்: அது எல்லாருக்கும் மனப்பாடந்தானே.

லூர்தம்மா: மனப்பாடமெண்டா சப்பித் துப்புறதோ? நேற்று அதில வாற பிலாத்துவின்ர பேரைச் சொன்னனீ, நான் மூச்சு விடமுதல் ஆமென்.

எட்வேட்: பிலாத்து என்ன எங்கட சொந்தக்காரனோ, நிண்டு சுகம் விசாரிக்க?

லூர்தம்மா: பகிடி விடாதை. எனக்குப் பத்திக்கொண்டு வருது.

எட்வேட்: உள்ளதைச் சொல்லட்டோ மாமி? சண்டை நிக்கட்டும், பிள்ளையளைக் காப்பாற்றும் எண்டு மன்றாடினாச் சனம் உருகுது. பிரமாணத்தில கேக்க ஒண்டுமில்லை, நம்புறதை அடுக்கிச் சொல்லுறது மட்டுந்தான். எந்தக் காலத்திலயோ ஆரோ எழுதி வச்சது…

லூர்தம்மா: அதாலதான் எனக்கு அது வேணும்.

எட்வேட்: விளங்கேல்லை.

லூர்தம்மா: மன்றாட எனக்கு இப்ப சொல்லு வருகுதில்லையடா தம்பி. பிரமாணம் அதை எழுதி வச்ச அவையின்ர சொல்லு. இரவல் கயிறெண்டாலும் பிடிச்சுக்கொண்டு நிக்கலாமெல்லே.

எட்வேட்: …மாமி, கோவிக்கப்படாது. நான் சும்மா ஓடேல்லை.

லூர்தம்மா: பின்னை?

எட்வேட்: உங்கட மகன்ர வள்ளம் வெறுமையாக் கரைக்கு வந்ததிலயிருந்து… 'சரீர உத்தானத்தை விசுவசிக்கிறேன்' எண்டேக்க உங்கட சத்தம் நிண்டுபோகுது.

லூர்தம்மா: நிண்டா உனக்கென்ன?

எட்வேட்: செத்தவை உடம்போட எழும்புவினம் எண்டுற இடம். ஆளின்ர உடம்பே கிடைக்கேல்லை, என்னெண்டு சொல்லுவியள்? சனம் திரும்பி உங்களைப் பாக்குது. பாக்க விடாமல் ஆமெனுக்கு இழுத்துக்கொண்டு ஓடுறன்.

லூர்தம்மா: எனக்காகவோ?

எட்வேட்: உங்கட மகன் யாகப்பர் என்ர கூட்டாளி மாமி.

லூர்தம்மா: விசரா… அந்த வரியை எப்பிடியும் சொல்லிப்போடவேணுமெண்டு ஒவ்வொரு பொழுதும் வாயைத் திறக்கிறன். திறக்க முதல் நீ ஆமெனில நிக்கிறாய். இண்டைக்கு நான் நிக்கிற இடத்தில நீயும் என்னோட நில். பாக்கிற சனம் பாக்கட்டும். இப்ப போய் மணியை அடி.